பங்களாதேஷ் போகலாமா? ஒரு டி-ஷர்ட்டை வைத்துப் பார்த்த கணக்கு

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். 27-ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் என்று ஆகிவிட்டது. நான் காஸ்டிங் (விலைக் கணக்கு) பார்க்கும் பனியன் கம்பெனியில் முதலாளி மதியச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போவது.

“பையர் பேசுனாருங்க. ஏறுன வரியில பாதிய நாம தாங்கணுமாம். முடியாட்டி அடுத்த சீசன் டாக்காவுல எடுத்துக்கறாங்களாம். அங்க போய் எடுக்கறத நம்மகிட்டயே எடுக்கட்டுமே. நாமளே அங்க ஒரு யூனிட் போட்டா என்னங்க?”

திருப்பூரில் இந்தக் கேள்வி என் காதில் விழுவது இது மூன்றாவது முறை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி நனைக்க வழியில்லாமல் ஊரே நின்றபோது ‘பங்களாதேஷ் போயிடலாமா’ என்றார்கள். 2017, 2018 வாக்கில் எத்தியோப்பியா மோகம் வந்தது. இப்போது மறுபடி டாக்கா. முதல் தடவை தண்ணீர், இரண்டாவது தடவை ஆள், மூன்றாவது தடவை வரி. ஆனால் டீக்கடையில் மூன்று தடவையும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: “அங்க கூலி கம்மிங்க.”

கம்மிதான். எவ்வளவு கம்மி என்று யாரும் பீஸுக்கு இறக்கிப் பார்ப்பதில்லை. பார்த்துவிடுவோம்.

சாதாரண ரவுண்டு நெக் காட்டன் டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு மட்டும் 8 நிமிட வேலை என்று வைப்போம். தையல் மெஷின் வரிசை, அதாவது லைன், பாதித் திறனில் ஓடினால் 16 நிமிடச் சம்பளம் அந்தப் பீஸின் மேல் ஏறும். வங்கதேசத்தில் 2023 டிசம்பரிலிருந்து ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா (இங்கே டாக்கா என்பது ஊர் இல்லை, அந்த நாட்டுப் பணம்). மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 12,480 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு டாக்கா என்று அழகாக வந்து நிற்கிறது. அப்போது ஒரு டி-ஷர்ட்டின் தையல் கூலி 16 டாக்கா, நம் பணத்தில் 11 அல்லது 12 ரூபாய். இது ஹெல்பர் மட்டத்துச் சம்பளம். டெய்லருக்குக் கொஞ்சம் கூடும், போகட்டும். இங்கே ஒரு டெய்லருக்கு ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றேகால் ரூபாய், பீஸுக்கு 20 ரூபாய். வித்தியாசம் 8, 9 ரூபாய். டாலரில் சொன்னால் 10 சென்ட்.

இப்போது அதே டி-ஷர்ட்டின் எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை) 3 டாலர் என்று வைத்து வரியைப் பாருங்கள். ஐரோப்பாவில் இந்தியச் சட்டைக்கு நாம் கட்டிவந்தது 9.6 சதவீதம். குறைந்த வளர்ச்சி நாடு என்பதால் வங்கதேசச் சட்டைக்கு 2001 முதல் அங்கே வரியே கிடையாது. பீஸுக்கு 29 சென்ட் போய்விட்டது. அமெரிக்காவில் கதை வேறு. வங்கதேசத்துக்கு அங்கேயும் வரியில்லை என்று திருப்பூரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். தப்பு. காட்டன் நிட் டி-ஷர்ட்டுக்கு அவர்களும் 16.5 சதவீதம், நாமும் 16.5 சதவீதம் கட்டிவந்தோம். அங்கே பல வருடம் சமமாகத்தான் நின்றோம். 2025 ஆகஸ்ட்டில் அதன் மேல் நமக்கு 50, அவர்களுக்கு 20 ஏறியது. 3 டாலர் சட்டைக்கு வித்தியாசம் 90 சென்ட்.

கூலியில் 10 சென்ட், வரியில் 90 சென்ட். முதலாளி மேஜையில் நான் வைத்த முதல் தாளில் இந்த இரண்டு எண்கள் மட்டும்தான் இருந்தன. கம்பெனிகள் கூலிக்காக நாடு மாறுகின்றன என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. எங்கள் தொழிலில் கூலி ஆளைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். எந்த நாட்டில் போய் இறங்குவது என்பதை வரிதான் முடிவு செய்யும்.

பழைய கதையும் அதையே சொல்கிறது. 1974 முதல் 2004 முடியும்வரை துணி வியாபாரத்தில் கோட்டா முறை இருந்தது. எந்த நாடு எத்தனை சட்டை அனுப்பலாம் என்பதை வாங்குகிற நாடே வரையறுத்தது. தென்கொரியாவின் டேவூ கம்பெனிக்கு கோட்டா இடித்தது, வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா கிடையாது. 1979-இல் டேவூ சிட்டகாங்கின் தேஷ் கார்மெண்ட்ஸோடு கைகோத்து, அங்கிருந்து 130 பேரைக் கொரியாவின் பூசானுக்குக் கூட்டிப்போய்ப் பல மாதம் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் கழன்றுகொண்டு சொந்தமாகவோ பிறரோடு சேர்ந்தோ கம்பெனி ஆரம்பித்தார்கள். இன்று நாம் பயப்படும் டாக்கா, காஜிபூர், நாராயண்கஞ்ச் எல்லாம் அந்த 130 பேரில் தொடங்கியது. கோட்டா போய் இருபது வருடம் தாண்டியும் தொழில் அங்கேயே இருப்பதற்குக் காரணம் அந்தக் கை. எந்த நாட்டுக்குப் போனாலும் இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் பத்து வருடம் கழித்து நம் போட்டியாளர்.

நம் ஊரும் ஒரு காலத்தில் யாருக்கோ டாக்காவாகத்தான் இருந்தது. 1978-இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற ஒரு வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி பம்பாய் வழியாகத் திருப்பூரைக் கண்டுபிடித்ததில்தான் ஏற்றுமதி தொடங்கியது என்பார்கள். அன்றைக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு நிட்டிங் மில்லில் நம் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பார்கள்.

சரி, 90 சென்ட். அது எத்தனை நாள் நிற்கும்? டிரம்ப் 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி பலகையைத் தூக்கிக் காட்டியபோது இந்தியாவுக்கு 26, வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46, கம்போடியாவுக்கு 49 என்று இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. ‘டாக்கா ஆர்டரெல்லாம் நமக்குத்தான்’ என்று கூடுதல் மெஷினுக்கு விலை கேட்டவர்களும் உண்டு. ஆகஸ்ட்டில் பார்த்தால் வங்கதேசம், வியட்நாம், இலங்கை மூன்றுக்கும் 20, கம்போடியாவுக்கு 19, நமக்கு 50. வரிசையின் தலையில் இருந்தவர்கள் ஐந்தே மாதத்தில் வாலுக்கு வந்துவிட்டோம். இடம் பார்த்து, கட்டி, மெஷின் இறக்கி, ஆள் எடுத்து, பையரின் ஆடிட் முடித்து முதல் கண்டெய்னரை ஏற்ற ஒன்றரை வருடமாவது ஆகும். ஐந்து மாதத்தில் குப்புறக் கவிழ்கிற எண்ணை நம்பி, முடிய ஒன்றரை வருடம் ஆகிற வேலையைத் தொடங்கலாமா? முதலாளி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அப்படியும் போவதென்றால் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

வங்கதேசம்

அவிநாசிக்காரர் ஒருவர், என்னோடு ஒரே கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்) இருந்தவர், ஒன்பது வருடமாகக் காஜிபூரில் புரொடக்ஷன் மேனேஜர். அங்கே நம் ஊர்க்காரர்களும் இலங்கைக்காரர்களும் நிறைய. அவரிடம் போனில் கேட்டேன்.

“அண்ணா, உங்க கம்பெனி ஸ்டைலுக்கு எத்தன பீஸ் பண்ணுது?” என்றார் முதல் வார்த்தையாக.

“மூவாயிரம், அஞ்சாயிரம். கலர் ஆறு.”

சிரித்துவிட்டார். “இங்க ஒரு ஸ்டைல் ரெண்டு லட்சம் பீஸுங்கண்ணா. ஒரே கலர், ஒரே லைன், ஒரு மாசம் அப்படியே ஓடும். கலர் மாத்தறதுக்குள்ள உங்க ஆர்டரே முடிஞ்சிரும்.”

ஒப்பீட்டில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. வங்கதேசத்தின் பலம் கூலியிலும் வரியிலும் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது. ஒரே கூரையில் ஐயாயிரம், பத்தாயிரம் பேர் வைத்து, நிட்டிங், சாயம், தையல் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் நடத்துகிறார்கள். நிட் சரக்குக்கு வேண்டிய துணியைப் பெரும்பாலும் அங்கேயே தயாரித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பெரிய அளவில் அடிப்படைச் சரக்கு செய்பவருக்கு அங்கே யூனிட் போடுவது நியாயம். மூவாயிரம் பீஸும் ஆறு கலரும் அவசர ஷிப்மென்ட்டுமாகப் பிழைப்பவர் அங்கே போனால் தன் பலத்தை இங்கே விட்டுவிட்டு, இன்னொருவரின் பலத்தோடு அவர் மைதானத்திலேயே மோதுகிறார்.

அடுத்தது பஞ்சு. அவர்கள் மண்ணில் விளைவது மிகக் குறைவு, கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி. 2025 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து தரைவழியாக நூல் வருவதை வங்கதேசம் நிறுத்தியது. மே மாதம் வங்கதேச ஆடைகள் தரைவழியாக இங்கே வருவதை இந்தியா நிறுத்தியது. அங்கே யூனிட் வைத்து இங்கிருந்து நூல் அனுப்பலாம் என்று போட்ட கணக்கு அந்த இரண்டு மாதத்தில் நனைந்துபோயிருக்கும்.

பிறகு நாள்காட்டி. திட்டப்படி வங்கதேசம் 2026 நவம்பர் 24-இல் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வருகிறது. ஐரோப்பா அதற்குப் பிறகும் மூன்று வருடம், 2029 வரை, வரியில்லாமல் எடுத்துக்கொள்ளும். இன்று யூனிட் போட ஆரம்பிப்பவருக்கு முதல் கண்டெய்னர் கிளம்பிய பிறகு மிஞ்சுவது இரண்டு, இரண்டரை வருடச் சலுகை. பேங்க் கடனே அதைவிட நீளம். இந்தப் பக்கம் பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் இந்தியா ஒப்பந்தம் கையெழுத்திட்டுவிட்டது. அது நடைமுறைக்கு வரும்போது அந்தச் சந்தையில் நம் சட்டைக்கான 9.6 சதவீதம் போய்விடும். அவர்கள் படி இறங்குகிறார்கள், நாம் ஏறுகிறோம். இடையில் ஒரு படியில் இருவரும் சந்திக்கும் நேரம் பார்த்து மூட்டை கட்டுவது எனக்கு விசித்திரமாக இருந்தது.

அரசியலைப் பற்றி நண்பரே சொன்னார். 2024 ஜூலையில் அங்கே மாணவர் போராட்டத்தின்போது இன்டர்நெட்டை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். பேக்கிங் லிஸ்ட்டைப் பையருக்கு அனுப்ப முடியவில்லை, சரக்கு ரெடியாக இருந்தும் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. ஊரடங்கில் ஆள் வரவில்லை. ஆகஸ்ட் 5-இல் பிரதமரே நாட்டை விட்டுப் போனார். “ரெண்டு ஷிப்மென்ட் ஏர்ல போச்சுங்கண்ணா. அந்த வருச லாபம் அந்தப் பிளேன்லயே ஏறிப் போயிருச்சு,” என்றார். கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பிய செலவு எப்படிக் கடிக்கும் என்று எங்கள் தொழிலில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ராணா பிளாசாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2013 ஏப்ரல் 24, சாவர். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் காலையில் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதன் பிறகு ஐரோப்பியப் பையர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட உடன்பாட்டில் தூண், ஒயரிங், தீக்கதவு வரை அளந்து பார்க்கிறார்கள். இன்று அங்கே புதிதாகக் கட்டுகிறவர் கட்டடச் செலவில் மிச்சம் பிடிக்க முடியாது. பிடிக்க நினைப்பவரோடு நான் வேலை செய்யவும் மாட்டேன்.

இன்னொரு சின்னக் கணக்கு. புது யூனிட்டில் முதல் வருடம் பாதித் திறனெல்லாம் வராது. 35 சதவீதம் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்போது 8 நிமிட வேலைக்கு 23 நிமிடச் சம்பளம். 23 டாக்கா என்றால் 16 ரூபாய்க்கு மேல். கூலியில் மிச்சம் என்று சொன்ன 8, 9 ரூபாய் 3, 4 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இங்கிருந்து போகும் ஃப்ளோர் மேனேஜர்களின் சம்பளம், வீடு, டிக்கெட்டை எழுதினால் அதுவும் இருக்காது.

எத்தியோப்பியா

இதை நீளமாக எழுத வேண்டியதில்லை, ஆனால் இதைப் போல ஒரு பாடம் வேறெங்கும் கிடைக்காது.

2016 ஜூலையில் ஹவாசா தொழிற்பூங்கா திறந்தது. சீன கம்பெனி ஒன்பதே மாதத்தில் கட்டிக் கொடுத்தது. கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் வைத்திருக்கும் பிவிஎச் முன்னால் நின்று மற்றவர்களைக் கூட்டிவந்தது. இலங்கையிலிருந்து ஹிர்தராமணி என்ற ஆடைக் கம்பெனி போனது. நம் பக்கத்திலிருந்து கே.பி.ஆர். மில் எத்தியோப்பியாவில் ஒரு துணை நிறுவனம் தொடங்கியது. காரணம் இரண்டு. தனியார் துறையில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லாத நாடு, அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எழுதியது. கூடவே ஆப்பிரிக்க நாடுகளுக்காக அமெரிக்கா போட்ட ‘அகோவா’ சட்டப்படி அங்கே வரியில்லாமல் அனுப்பலாம், துணி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி.

உலகத்திலேயே குறைந்த கூலி. என்ன ஆனது? கிராமத்திலிருந்து வந்த பெண்களுக்கு அந்தச் சம்பளத்தில் ஹவாசாவில் வாடகை கட்டிச் சாப்பிட முடியவில்லை, வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் ஆள் மாறினால் லைன் எப்படி ஓடும்? துணி, நூல், ஜிப், பட்டன் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். நாட்டுக்குக் கடற்கரை இல்லை, ஜிபூட்டி துறைமுகத்தில் இறக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவர வேண்டும், தைத்த சரக்கை அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டும். 2020 நவம்பரில் டிக்ரேயில் போர் வெடித்தது. ஒரு வருடம் கழித்து பிவிஎச் கடையைக் கட்டியது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா எத்தியோப்பியாவை அகோவாவிலிருந்து எடுத்துவிட்டது. வரியில்லை என்று கட்டிய யூனிட்டில் தைத்த சட்டைக்கு மறுநாள் காலையில் வரி. அகோவா சட்டத்தின் கெடுவே 2025 செப்டம்பர் 30-இல் ஒரு முறை முடிந்தது, பிறகு 2026-இல்தான் நீட்டினார்கள்.

சலுகையை நம்பிப் போனவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது ஒரு கட்டடமும், விற்கவும் முடியாமல் ஏற்றிக்கொண்டு வரவும் முடியாமல் கிடக்கும் மெஷின்களும். அந்தக் காலத்தில் எங்கள் முதலாளியும் அடிஸ் அபாபாவுக்கு டிக்கெட் போட்டிருந்தார். மகளின் நிச்சயதார்த்தம் குறுக்கே வந்ததால் தப்பினார். நான் சொல்லித் தடுத்ததாக ஊரில் பேச்சு இருக்கிறது, நான் மறுப்பதில்லை.

வியட்நாமைப் பற்றி ஒரே வரி: ஐரோப்பாவோடு 2020 ஆகஸ்ட்டிலிருந்து ஒப்பந்தம் இருக்கிறது, செயற்கை இழைச் சரக்கில் கெட்டிக்காரர்கள், ஆனால் சம்பளம் வங்கதேசத்தைவிட மிக அதிகம். காட்டன் பனியன்காரனுக்கு அங்கே வேலையில்லை.

இலங்கைக் கதை வேறு மாதிரி. அங்கே ஐரோப்பியச் சலுகை 2010 ஆகஸ்ட்டில் போய் 2017 மே மாதம்தான் திரும்பியது. ஏழு வருடம். அதைத் தாங்கியும் எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் போன்ற ஆடைக் கம்பெனிகள் பெரிதாகவே இருந்தன, காரணம் டிசைனும் உள்ளாடையில் கைத்திறனும். அவர்கள் வெளிநாடு போனதற்கு முக்கியக் காரணம் ஆள் பற்றாக்குறை. இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள தீவில் தையலுக்கு எத்தனை பேர் வருவார்கள்? பிராண்டிக்ஸ் கடல் தாண்டி விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அச்சுதாபுரத்தில் ஆயிரம் ஏக்கரில் பூங்கா போட்டது. அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் இருக்க, இங்கிருந்து எங்கே போவது என்று நாம் யோசிக்கிறோம்.

ஒடிசா, பிகார், அல்லது விருதுநகர்

எங்கள் தையல் ஹாலில் மதியம் போய் நின்றால் காதில் விழுவது ஒடியாவும் இந்தியும். தமிழ்ப் பேச்சு செக்கிங் டேபிளில்தான். தீபாவளிக்கு, சத் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்பதை வைத்துத்தான் நவம்பர் ஷிப்மென்ட் தேதியையே பையருக்குச் சொல்கிறோம். பாலேசுவரத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவரிடம், உங்கள் ஊரிலேயே கம்பெனி வந்தால் எவ்வளவு சம்பளத்துக்குப் போவீர்கள் என்று கேட்டேன். இங்கே வாங்குவதில் முக்கால் பங்கு போதும் என்றார். இங்கே ரூம் வாடகை, மெஸ், வருடத்துக்கு இரண்டு தடவை ரயில் டிக்கெட். அங்கே அம்மா சமைப்பார்.

பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்கள் ஆள் கணக்கில் சம்பளத்தில் ஒரு பங்கைச் சில வருடங்களுக்குத் தரும் திட்டங்களையும் வைத்திருக்கின்றன. மானியம் நேரத்துக்கு வராது என்பது என் அனுபவம். அதனால் காஸ்டிங்கில் நான் அதைப் பூஜ்யமாகத்தான் போடுவேன், வந்தால் லாபம். மொழி, சட்டம், பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் தெரிந்தது. பிரச்சினை என்றால் ரயில் ஏறிப் போய் நிற்கலாம். விருதுநகரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது, தூத்துக்குடி துறைமுகம் பக்கம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதினேன்: ஒடிசாவில் தைத்தாலும் சட்டையின் லேபிளில் ‘இந்தியா’ என்றுதான் இருக்கும். 90 சென்ட்டில் ஒரு சென்ட் குறையாது. ஆள் பிரச்சினைக்கு மருந்து ஒடிசா, வரிப் பிரச்சினைக்கு இல்லை. எங்கள் முதலாளி இரண்டையும் ஒரே வியாதி என்று நினைத்திருந்தார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இங்கேயே இருப்பது

இதன் விலையைத் தாளில் எழுதுவது கஷ்டம். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. கண்டெய்னர் ராத்திரி பத்துக்கு. பேக்கிங்கில் வாஷ்கேர் லேபிளில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தார்கள், நானூறு பீஸில். லேபிள்காரருக்குப் போன். அவர் மெஷினை நிறுத்தி நம் லேபிளைப் போட்டார். நாலு மணிக்குப் பையன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய் வாங்கி வந்தான். பழைய லேபிளைப் பிரித்துப் புதிதைத் தைக்கப் பின்தெரு ஜாப் வொர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) யூனிட்டிலிருந்து ஆறு பவர் டேபிள் டெய்லர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, கூடுதல் ஷிப்டுக்கு வந்தார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பெட்டியை ஏற்றினோம். பணம் எதுவும் அன்று கைமாறவில்லை. “அடுத்த வாரம் பார்த்துக்கலாங்க” என்பதுதான் ரசீது.

நிட்டிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், அட்டைப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முதலாளி, எல்லாம் சில கிலோமீட்டருக்குள். 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்த ஊரில் பெரும்பாலானவை சின்னக் கம்பெனிகள். வேறு நாட்டில் யூனிட் போடுகிறவர் தையல் ஹாலைக் கொண்டுபோகலாம், இந்தத் தெருவைக் கொண்டுபோக முடியாது. ஹவாசாவில் அந்த நானூறு லேபிளுக்கு விமானம்தான் வந்திருக்க வேண்டும்.

ஊரைப் பற்றிப் பெருமையடிக்கவும் நான் வரவில்லை. சாயக் கழிவைச் சொட்டு விடாமல் சுத்திகரிக்கும் செலவு நம் கிலோ துணி விலையில் ஏறி நிற்கிறது. 2011-க்கு முன்னால் அந்தச் செலவை நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயி கட்டிக்கொண்டிருந்தார், இப்போது நாம் கட்டுகிறோம். இதைத் தவிர்ப்பதற்காக வெளிநாடு போகலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு ஊர் ஆற்றைத் தேடிப் போகிறார் என்று அர்த்தம். அந்தக் காரணத்தை மட்டும் ஒப்பீட்டில் சேர்க்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்பா விவசாயி, ஒன்றும் பேசவில்லை.

இருப்பதன் ஆபத்து, அமெரிக்கச் சரக்கு. பாதிக்கு மேல் ஒரே நாட்டுக்கு, அதிலும் இரண்டே பையருக்கு என்று விட்டது நாடு மாறித் தீரும் பிரச்சினை இல்லை, ஆர்டர் புத்தகத்தில் தீர வேண்டியது. ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பரப்பியிருந்த பக்கத்துக் கம்பெனிக்காரர் அந்த ஆகஸ்ட்டிலும் நிம்மதியாகத் தூங்கினார்.

நடுவில் ஒரு வழி

கட்டாமலே போகலாம். காஜிபூரிலோ நாராயண்கஞ்சிலோ ஏற்கெனவே ஆடிட் முடித்து ஓடுகிற யூனிட்டில் இரண்டு லைன் ஒப்பந்தத்துக்கு எடுத்து, பையரின் பெரிய ஆர்டரை மட்டும் அங்கே தைக்கலாம். துணி அவர்களுடையது. நம்முடையது சாம்பிள், ஃபாலோ-அப், தரம். பீஸுக்கு லாபம் குறைவு, ஆனால் பையர் கைவிட்டுப் போக மாட்டார், வரி திரும்பி இறங்கினால் நாமும் திரும்பிவிடலாம். பேங்குக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டடம் எதுவும் இல்லை. இதில் நம்மை ஏமாற்ற வழி உண்டு: இரண்டாவது சீசனில் அந்த யூனிட்காரரே நேராகப் பையரிடம் விலை கொடுப்பார். கொடுப்பார் என்றே வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கொரியாக்காரனுக்கு நடந்தது நமக்கு நடக்காதா?

நான்கு தாளையும் படித்துவிட்டு முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இதெல்லாம் சரிங்க. உங்க காசா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

என் காசாக இருந்தால், ஸ்டைலுக்கு ஐம்பதாயிரம் பீஸுக்குக் கீழே செய்யும் வரை கடல் தாண்ட மாட்டேன் என்றேன். பெரிய அமெரிக்க ஆர்டரை மட்டும் ஒரு சீசன் டாக்காவில் ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பேன். மெஷினுக்குப் போட வைத்திருக்கும் பணத்தில் ஒடிசாவில் அறுபது மெஷினோடு ஒரு சின்ன யூனிட், அதை நடத்த அந்த ஊர் ஆளையே லைன் சூப்பர்வைசர் ஆக்குவேன். ஐரோப்பாவுக்கு இரண்டு மெர்ச்சண்டைசர்களை இன்றைக்கே சேர்ப்பேன்.

மெர்ச்சண்டைசர்களை மறுவாரமே சேர்த்தார். டாக்கா ஜாப் வொர்க்குக்கு நண்பர் மூலம் ஆள் பிடித்தோம். முதல் ஆர்டர் போனது, இரண்டு நாள் தாமதத்தில், ஷேடு கொஞ்சம் முன்னே பின்னே. அமெரிக்க வரி எண் அதற்குப் பிறகும் ஓரிடத்தில் நிற்கவில்லை, செய்தி வரும்போதெல்லாம் முதல் தாளில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழித்து எழுதுகிறேன். ஒடிசா இடம் பார்க்க பாலேசுவரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அந்த ஓவர்லாக் டெய்லரும் கூட வருகிறார்.